பூங்காவின் வாசலும் சேரியின் சுவரும்

கவிதையை விமர்சிக்கிறோம். நாவலை விமர்சிக்கிறோம். சினிமாவை உரித்துத் தொங்கவிடுகிறோம். பூங்காவை யாரும் விமர்சிப்பதில்லை. நாலு மரம், கொஞ்சம் புல், சிமெண்டு பெஞ்சு, இதில் விமர்சிக்க என்ன இருக்கிறது என்று விட்டுவிடுகிறோம். நான் அப்படி விடத் தயாரில்லை. பூங்காவும் ஒரு பிரதிதான். அதை எழுதியவன் ஒருவன் இருக்கிறான். யார் வந்து வாசிக்கப் போகிறார்கள் என்று நினைத்துக்கொண்டுதான் அவன் எழுதுகிறான். அந்த நினைப்பு அப்பட்டமாக வெளியே தெரியும் இடம் வாசல்.

இதை இப்போது எழுதக் காரணம் ஒரு வரைபடம். எங்கள் ஊர் நகராட்சி புதுசாக ஒரு பூங்கா கட்டப்போகிறது. படத்தை அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார்கள். வடக்கே கடைத்தெரு. அந்தப் பக்கம் பெரிய வாசல். வளைவு, வளைவுக்கு முன்னால் அரைவட்டமாகப் புல்தரை, நடுவில் நீரூற்று, பூச்செடியாலேயே எழுதிய 'நல்வரவு'. இரண்டு பக்கமும் வரிசையாக நிழல் தராத அலங்காரப் பனை. தெற்கே எங்கள் தெரு. அந்தப் பக்கம் ஒரே ஒரு கோடு. கோட்டின்மேல் எழுதியிருக்கிறது: சுற்றுச்சுவர், 8 அடி. சுவரை ஒட்டி உள்பக்கம் கழிப்பறை, குப்பை மக்கும் குழி, மோட்டார் ரூம். சுவரில் ஒரு சின்ன இரும்புக் கதவு. அதற்குப் பெயர் 'பணியாளர் வழி'.

வரைந்தவர் படித்தவர். நல்லவராகவும் இருக்கலாம். எங்கள் தெருவின்மேல் அவருக்குத் தனிப்பட்ட கோபம் எதுவும் இருக்க நியாயமில்லை. பென்சில் தானாக அப்படிப் போகிறது. தானாகப் போவதைத்தான் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

*

வாசலை வடிவமைப்பது ஒரு தொழில். அந்தத் தொழிலுக்கென்று சில பாடங்கள் உண்டு. அவற்றை நான் கேலி செய்யவில்லை. வாசல் தூரத்திலிருந்தே கண்ணில் பட வேண்டும். ரோட்டிலிருந்து நேராக உள்ளே தள்ளிவிடக் கூடாது; கொஞ்சம் உள்வாங்கி, பத்துப் பேர் நின்று பேச, ஆளுக்காகக் காத்திருக்க ஒரு முற்றம் வேண்டும். படி இருந்தால் கூடவே சரிவும் வேண்டும்; 1 அடி உயரத்துக்கு 12 அடி நீளம் என்ற கணக்கில் போட்டால் சக்கர நாற்காலியும் ஏறும், குழந்தை வண்டியும் ஏறும். வாசலில் நிழல் வேண்டும், உட்கார இடம் வேண்டும், தண்ணீர் வேண்டும். உள்ளே என்ன இருக்கிறது என்று வெளியே நிற்பவனுக்குக் கொஞ்சம் தெரிய வேண்டும். எல்லாம் தெரிந்துவிடவும் கூடாது. வளைந்து போகும் பாதையும், இரண்டு மரத்துக்கு நடுவே எட்டிப் பார்க்கும் குளமும் ஆளை உள்ளே இழுக்கும்.

எல்லாம் சரி. இவ்வளவும் 'எப்படி வரவேற்பது' என்ற கேள்விக்கு விடை. 'யாரை' என்ற கேள்விக்கு இந்தப் பாடத்தில் ஒரு வரி உண்டு: மக்கள் எந்தத் திசையிலிருந்து வருகிறார்கள் என்று முதலில் பார். அந்த ஒரு வரியில்தான் முழு அரசியலும் இருக்கிறது. எங்கள் ஊர் வரைபடத்தில் தெற்கிலிருந்து மக்கள் வருவதில்லை. தெற்கிலிருந்து பணியாளர் வருகிறார்கள்.

*

நம் நாட்டில் தோட்டத்துக்குக் குறைச்சலே இல்லை. அரண்மனைக்குத் தோட்டம் இருந்தது, கோயிலுக்கு நந்தவனம் இருந்தது. ஒன்று ராஜாவுக்கு, ஒன்று சாமிக்கு. ஊர்ச் சொத்தாக, யார் வேண்டுமானாலும் போய் உட்காரலாம் என்று ஒரு தோட்டம் வந்தது நகராட்சிகள் வந்த பிறகு. எனவே 'பொதுப் பூங்கா' என்ற சொல்லில் நமக்குப் பழகாத சொல் 'பூங்கா' இல்லை, 'பொது'.

வாசல் பற்றி நம்மிடம் ஒரு கதை இருக்கிறது. திருப்புன்கூர்க் கதை. நந்தனார் கோயிலுக்கு வெளியே நிற்கிறார். உள்ளே போக முடியாது. நந்தி மறைக்கிறது. சாமி இரக்கப்பட்டு நந்தியைக் கொஞ்சம் தள்ளி இருக்கச் சொல்கிறார். நந்தனார் வெளியே நின்றபடியே பார்த்துவிட்டுப் போகிறார். இன்றைக்கும் அந்தக் கோயிலில் விலகியிருக்கும் நந்தியைக் காட்டிக் கதை சொல்கிறார்கள். கேட்கிறவர்கள் கண் கலங்குகிறார்கள்.

இதை நான் ஒரு வடிவமைப்பாகப் படிக்கிறேன். மேலே சொன்ன பாடத்தில் பார்வை என்று ஒன்று வந்ததல்லவா? வெளியே நிற்பவனுக்கு உள்ளே கொஞ்சம் தெரிய வேண்டும் என்று? திருப்புன்கூரில் நடந்தது அதுதான். பார்வையைச் சரிசெய்தார்கள். பாதையைத் தரவில்லை. கல் நந்தியை நகர்த்த முடிந்த சாமியால் ஒரு மனிதனை வாசல்படி தாண்டி வரச் சொல்ல முடியவில்லை. சிதம்பரத்தில் உள்ளே வரச் சொன்னபோது அதற்கும் நெருப்பில் இறங்க வேண்டியிருந்தது. நல்வரவு என்று பூவில் எழுதிய வாசலைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு இந்த நந்திதான் ஞாபகத்துக்கு வருகிறது. கம்பிவேலி வழியாகப் பார்த்துக்கொள், தம்பி. நல்லா தெரியுதா? போதும்.

*

வெளிநாட்டைப் பார், அங்கே பூங்கா எவ்வளவு ஜனநாயகமாக இருக்கிறது என்பார்கள். பார்ப்போம். உலகம் முழுக்கக் கட்டடக்கலை மாணவர்களுக்குப் பாடமாக இருக்கும் நியூயார்க் சென்ட்ரல் பூங்காவையே எடுத்துக்கொள்வோம்.

அதன் வடிவமைப்பாளர் இரண்டு பேர், ஓல்ம்ஸ்டெட், வாக்ஸ். 1858-இல் நடந்த போட்டியில் அவர்களுடைய திட்டம் தேர்வானது. ஓல்ம்ஸ்டெட் அதற்கு முன் பத்திரிகைக்காரர். அடிமை முறை இருந்த தென் மாநிலங்களில் சுற்றி, அந்த முறையின் கேட்டை எழுதியவர். 1850-இல் இங்கிலாந்தில் பிர்க்கன்ஹெட் பூங்காவைப் பார்த்து, ஏழையும் பணக்காரனும் ஒரே தோட்டத்தில் நடப்பதைக் கண்டு அசந்துபோனவர். அந்தப் பூங்கா 1847-இல் திறக்கப்பட்டது. அதன் வாசல் வெற்றி வளைவு போன்ற பெரிய கட்டடம். சென்ட்ரல் பூங்காவுக்கு அப்படி ஒரு வாசல் வேண்டாம் என்று இவர்கள் நினைத்தார்கள். தாழ்வான கல்சுவர், அங்கங்கே ஒரு திறப்பு, அவ்வளவுதான்.

ஆனால் பெரிய மனிதர்களுக்கு அது போதவில்லை. 1860-களில் ரிச்சர்ட் மோரிஸ் ஹன்ட் என்ற கட்டடக்கலைஞர் தெற்கு வாசல்களுக்குச் சிலை, தூண், படிக்கட்டு என்று பிரம்மாண்டமாக வரைந்து கொடுத்தார். வாக்ஸ் எதிர்த்தார். இது பேரரசர்கள் கட்டும் வாசல், குடியரசு கட்டும் வாசல் இல்லை என்பது அவர் வாதத்தின் சாரம். ஹன்ட்டின் வாசல்கள் கட்டப்படவில்லை. வாசல் பற்றி நடந்த விமர்சனச் சண்டைகளில் இது முக்கியமானது. வளைவு வைப்பதா வேண்டாமா என்பது ரசனைப் பிரச்சினை இல்லை, அரசியல் பிரச்சினை என்று 160 வருஷத்துக்கு முன்னாலேயே ஒருவர் பேசியிருக்கிறார். எங்கள் நகராட்சிக்கு இன்னும் அந்தச் சேதி வந்து சேரவில்லை.

வாசல்களுக்குப் பெயர் வைத்தார்கள், 1862-இல். ராஜா பெயர், தளபதி பெயர், பணம் கொடுத்தவன் பெயர் எதுவும் இல்லை. நகரத்தில் உழைக்கிறவர்கள் பெயர். கைவினைஞர் வாசல், உழவர் வாசல், சுரங்கத் தொழிலாளர் வாசல், மாலுமிகள் வாசல், மரம் வெட்டுவோர் வாசல், அறிஞர் வாசல், வணிகர் வாசல், பெண்கள் வாசல், சிறுவர் வாசல், சிறுமியர் வாசல். அந்நியர் வாசல் என்றுகூட ஒன்று இருக்கிறது. அந்நியனுக்கு ஒரு வாசல்! 'நீ எந்தத் தெரு?' என்று கேட்டே பழக்கப்பட்ட ஊர்க்காரனான எனக்கு இந்தப் பெயரைப் படித்தபோது கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை.

ஆனால் கதை இங்கே முடியவில்லை. அந்தப் பூங்காவின் மேற்குப் பக்கம், 82-ஆம் தெருவுக்கும் 89-ஆம் தெருவுக்கும் நடுவே ஒரு ஊர் இருந்தது. பெயர் செனெகா கிராமம். 1825-இல் ஆண்ட்ரூ வில்லியம்ஸ் என்ற கறுப்பு இளைஞர் அங்கே மூன்று மனைகளை 125 டாலருக்கு வாங்கினார். அவர் தொழில் காலணிக்கு மெருகு போடுவது. அவரைப் பார்த்து மற்றவர்களும் வாங்கினார்கள். வீடு கட்டினார்கள், மூன்று தேவாலயம், ஒரு பள்ளிக்கூடம் வந்தது. 1855 வாக்கில் 225 பேர் இருந்தார்கள். மூன்றில் இரண்டு பங்கு கறுப்பர், மீதி பெரும்பாலும் பிழைக்க வந்த ஐரிஷ்காரர். அப்போது நியூயார்க்கில் ஒரு கறுப்பு ஆண் ஓட்டுப் போட வேண்டுமானால் 250 டாலர் மதிப்புள்ள சொத்து இருக்க வேண்டும். வெள்ளைக்காரனுக்கு அந்த நிபந்தனை இல்லை. ஆக, மனை என்றால் மனை மட்டும் இல்லை, ஓட்டு.

1853-இல் சட்டம் போட்டு நிலத்தை எடுத்தார்கள். சொந்தப் பணம் கொடுத்து வாங்கியவர்களைப் பத்திரிகைகள் புறம்போக்கில் குந்தியிருப்பவர்கள் என்று எழுதின. இந்த வசனம் நமக்குத் தெரியாததா? 1857-க்குள் ஊர் காலி. பூங்கா நிலம் முழுவதிலிருந்தும் வெளியேற்றப்பட்டவர்கள் சுமார் 1,600 பேர். பூங்கா இன்று 843 ஏக்கர்.

1871-இல் 85-ஆம் தெரு முனையில், வாசல் இருக்கும் இடத்தில் வேலை செய்த தொழிலாளர்கள் மண்ணுக்குள் இரண்டு சவப்பெட்டிகளைக் கண்டார்கள். பத்திரிகையில் அது ஒரு புதிராக வந்தது. ஊர் காலியாகி 14 வருஷம்தான் ஆகியிருந்தது. 14 வருஷத்தில் ஒரு நகரத்தால் ஒரு ஊரையே மறந்துவிட முடிந்திருக்கிறது. அந்த 85-ஆம் தெரு வாசலுக்கு இருக்கும் பெயர் மாலுமிகள் வாசல். அங்கே செத்துக் கிடந்தவர்களுக்கு அழகான பெயர்ப் பட்டியலில் இடமில்லை.

உள்ளே போனவர்களுக்காவது வரவேற்பு இருந்ததா? ஆரம்ப வருஷங்களில் கூட்டமாக வந்து சாப்பிடத் தடை. சரக்கு வண்டி வைத்திருக்கும் வியாபாரி அதில் குடும்பத்தை ஏற்றிக்கொண்டு வரத் தடை. பையன்கள் பந்து விளையாட வேண்டுமானால் தலைமை ஆசிரியரிடம் சீட்டு வாங்கி வர வேண்டும். நகரத்தின் தொழிலாளர்கள் பெரும்பாலும் வெகு தூரத்தில், தெற்குக் கோடியில் குடியிருந்தார்கள். கல்லில் கைவினைஞர் பெயர். கைவினைஞரோ வரமுடியாத தூரத்தில். வளைவு கட்டாமல் விட்டதற்காக நான் அந்த இருவரையும் பாராட்டுகிறேன். ஆனால் கதவு இல்லாத வாசல் என்பதாலேயே அது எல்லோருக்கும் திறந்த வாசல் ஆகிவிடாது.

இந்தக் கணக்கைக் கொஞ்சமாவது நேர் செய்ய முயன்றதும் அங்கேதான். 1989-இல் கறுப்பு, லத்தீன் இனப் பையன்கள் ஐந்து பேரை, பூங்காவில் ஒரு பெண்ணைத் தாக்கிய வழக்கில் பொய்யாகப் பிடித்துச் சிறைக்கு அனுப்பினார்கள். 2002-இல் தீர்ப்பு ரத்தானது. 2022 டிசம்பரில், ஹார்லெம் பக்கம், 110-ஆம் தெருவில் உள்ள வாசலுக்கு 'குற்றமற்றவர் என நிரூபிக்கப்பட்டோர் வாசல்' என்று பெயர் செதுக்கினார்கள். ஒரு நகரம் தன் குற்றத்தைத் தன் பூங்கா வாசலில் எழுதி வைத்திருக்கிறது. செனெகா கிராமத்துக்கு 2001-இல் ஒரு பலகை வந்தது. அதுவும் சும்மா வரவில்லை. வரலாற்று ஆய்வாளர்கள் தோண்டி எடுத்துக் காட்டிய பிறகு வந்தது.

*

அமெரிக்கக் கதை நமக்கு எதற்கு என்று கேட்கும் தோழர்களுக்கு: இந்தக் கொடுக்கல் வாங்கல் பழசு. ஜோதிராவ் பூலே 1873-இல் தன் 'குலாம்கிரி' நூலை, அடிமை முறையை ஒழித்த அமெரிக்க மக்களுக்குத்தான் காணிக்கையாக்கினார். அம்பேத்கர் 1913 முதல் 1916 வரை படித்த கொலம்பியா பல்கலைக்கழகம் இந்தப் பூங்காவின் வடமேற்கு மூலையிலிருந்து நடந்து போகும் தூரம். 1946-இல் டுபாய்ஸுக்குக் கடிதம் எழுதியவர் அவர். 1972-இல் பம்பாயில் தலித் பேந்தர்கள் தங்கள் பெயரை எங்கிருந்து எடுத்தார்கள் என்பதும் தெரிந்ததே.

இன்னொன்று பாருங்கள். அலபாமா மாநிலத்தில் மான்ட்கோமரி நகரம். நகராட்சிப் பூங்காக்களில் கறுப்பர்களையும் விட வேண்டும் என்று வழக்கு வந்தது. நகராட்சி என்ன செய்தது? 1959 தொடக்கத்தில் எல்லாப் பூங்காக்களையும் இழுத்து மூடியது. நீச்சல் குளத்தை மண் போட்டு மூடியது. 1965 வரை யாருக்கும் பூங்கா கிடையாது. அவன் உள்ளே வருவதைவிட நானும் போகாமல் இருப்பது மேல்! விழுப்புரம் மாவட்டம் மேல்பாதியில் 2023-இல் திரௌபதி அம்மன் கோயிலுக்குச் சீல் வைத்த செய்தி வந்தபோது எனக்கு மான்ட்கோமரிதான் நினைவுக்கு வந்தது. தலித் உள்ளே வந்தால் சண்டை வரும், ஆகவே சாமிக்கே பூட்டு.

சட்டம் நம் பக்கம் இல்லாமல் இல்லை. 1923-இல் பம்பாய் சட்டமன்றம் பொதுக் குளம், கிணறு, பள்ளி எல்லாம் எல்லோருக்கும் என்று தீர்மானம் போட்டது. 1924-இல் மகாட் நகராட்சி சவுதார் குளத்தைத் திறந்துவிட்டதாகத் தீர்மானம் போட்டது. அதே 1924-இல் சென்னைச் சட்டமன்றத்தில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச் சாலை, கிணறு, பொது இடங்களில் எல்லோரும் போகலாம் என்ற தீர்மானத்தைக் கொண்டுவந்து நிறைவேற்றினார். எல்லாம் காகிதத்தில் 'நல்வரவு'. 1927 மார்ச் 20-ஆம் தேதி ஆயிரக்கணக்கானவர்கள் நடந்துபோய்த் தண்ணீரைக் கையில் அள்ளிய பிறகுதான் அந்தக் குளத்துக்கு வாசல் என்று ஒன்று இருப்பதே உலகத்துக்குத் தெரிந்தது. அன்றைக்கே அடியும் விழுந்தது. அரசியல் சட்டத்தின் 15-ஆம் பிரிவு, சாதி காரணமாக எவரையும் தடுக்கக் கூடாத இடங்கள் என்று கிணறு, குளம், படித்துறை, சாலை, பொதுமக்கள் கூடும் இடம் என்று வரிசையாகச் சொல்கிறது. பூங்கா அந்தக் கடைசிச் சொல்லுக்குள் வருகிறது. எனவே யாரும் இன்றைக்குப் பலகை மாட்டி நம்மைத் தடுக்க மாட்டார்கள். பலகைக்குப் பதில் வரைபடம் போடுவார்கள்.

*

என் அம்மா நகராட்சித் துப்புரவுத் தொழிலாளி. ஊர் பெயர் வேண்டாம். அங்கே இருந்த பழைய பூங்காவில் பல வருஷம் கூட்டியது. விடிகாலை அஞ்சு மணிக்குப் போகும். பின்பக்கம் ஒரு கதவு, குனிந்துதான் நுழைய வேண்டும். கையில் துடைப்பம், கூடை, வாளி. ஒரு பொங்கல் சமயம், காணும் பொங்கல் அன்றைக்கு, எங்களைக் குளிக்க வைத்து, நல்ல துணி போட்டு, முன்வாசல் வழியாகக் கூட்டிப் போனது. காவல்காரர் அம்மாவைப் பார்த்ததும் கேட்டது எனக்கு இன்னும் காதில் இருக்கிறது: "ஏம்மா, இன்னிக்கு லீவு தானே? வேலன்னா பின்னாடி வரணும்னு தெரியாதா?"

அவர் திட்டவில்லை. சத்தம் போடவில்லை. நல்ல துணி உடுத்திய ஒரு பெண்ணை, பிள்ளைகளோடு வருகிறவளை, வருகையாளராக அவரால் பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான். "வேலைக்கு வரல, பாக்க வந்தேன்" என்றது அம்மா. விட்டுவிட்டார். உள்ளே போய்ப் பெஞ்சில் உட்கார்ந்தோம். அம்மாவுக்கு உட்காரவே வரவில்லை. கீழே கிடந்த கடலைத் தோலைக் காலால் ஒதுக்கிக்கொண்டே இருந்தது. "தெனம் நான் கூட்டுற எடம்டா இது, எனக்கே புது எடம் மாதிரி இருக்குது" என்றது.

பணியாளர் வழி என்று வரைபடத்தில் எழுதுகிறவருக்கு இது தெரியாது. அவரைப் பொறுத்தவரை அது வேலை வசதி. குப்பைக் கூடை நீரூற்றைத் தாண்டிப் போனால் பார்க்க நன்றாக இருக்காது. ஆனால் எந்தக் கூடையை மறைக்கிறோம் என்று நினைத்துக் கதவை வைக்கிறாரோ, அந்தக் கதவு கூடையைத் தூக்குகிறவரையும் சேர்த்து மறைத்துவிடுகிறது. தெற்குத் தெருவுக்கு அந்த ஒரு கதவைத் தவிர வேறு கதவு இல்லை என்றால், எங்கள் தெரு முழுக்கவே பணியாளர் ஆகிவிடுகிறது. ஐந்து வயசுக் குழந்தையும் பணியாளர். கல்லூரிக்குப் போகும் பெண்ணும் பணியாளர்.

சுவர் பற்றியும் சொல்ல வேண்டும். 8 அடி பாதுகாப்புக்கு என்கிறார்கள். மதுரை மாவட்டம் உத்தபுரத்தில் 1989-இல் எழுப்பிய சுவரில் வழி விட ஒரு பகுதியை இடிக்க 2008 மே மாதம் ஆகிவிட்டது. மேட்டுப்பாளையம் நடூரில் 2019 டிசம்பர் 2 விடியற்காலை, மழையில் ஊறிய சுமார் 20 அடிச் சுவர் விழுந்து தலித்துகள் 17 பேர் தூக்கத்திலேயே செத்தார்கள். சுவர் என்றால் எங்களுக்கு வெறும் செங்கல் கணக்கு இல்லை.

*

நம்மவர்கள் கட்டிய வாசலையும் விட்டுவிட முடியாது. லக்னோவில் மாயாவதி ஆட்சி 2008-இல் திறந்த அம்பேத்கர் பூங்கா, 107 ஏக்கர். 2011-இல் நொய்டாவில் திறந்த தலித் நினைவுப் பூங்கா. வரிசை வரிசையாகக் கல் யானைகள், சிவப்புக் கல் பரப்பு, குவிமாடம். பத்திரிகைகள் வீண் செலவு என்று குதித்தன. 2012 தேர்தல் சமயம் யானைகளைத் துணி போட்டு மூடச் சொன்னது தேர்தல் ஆணையம். அந்தக் குதிப்பில் பாதி சாதிக் குதிப்பு. மற்றவர்கள் ஊர் ஊராகச் சமாதியும் வளைவும் கட்டியபோது வராத கணக்குப் புத்தகம் அப்போது மட்டும் வெளியே வந்தது. ஊருக்கு வெளியே நிறுத்தப்பட்டவன் நகரத்து நடுவில், அழியாத கல்லில் தன் பெயரை எழுதிப் பார்க்க ஆசைப்பட்டால் அதில் நியாயம் இருக்கிறது.

ஆனால் விமர்சகனாக ஒன்று சொல்வேன். அந்த வாசல் எங்களை நிமிர வைக்கிறது, உட்கார வைக்கவில்லை. உத்தரப்பிரதேசத்து மே மாத வெயிலில் அவ்வளவு கல் பரப்பு என்ன செய்யும் என்று யோசித்துப் பாருங்கள். கூலிக்குப் போகும் பெண் குழந்தையோடு வந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, மரத்தடியில் முந்தானையை விரித்துப் படுக்க அந்த வாசலில் இடம் எங்கே? ஹன்ட் வரைந்த வாசலை வாக்ஸ் ஏன் எதிர்த்தாரோ, அந்தக் காரணம் இங்கேயும் செல்லும். அரசனின் வாசலை நம் பெயரில் கட்டிக்கொண்டால் அது நம் வாசல் ஆகிவிடுமா? பெருமையைக் கல்லில் காட்டியாயிற்று. இனி நிழலில் காட்டுவோம்.

அதே மாதிரி நியூயார்க்கின் தொழிற்பெயர் வாசலையும் அப்படியே இறக்குமதி செய்ய முடியாது. அங்கே கைவினைஞர் என்று எழுதினால் மரியாதை. இங்கே தொழிலின் பெயர் சாதியின் பெயர். சாதி என்பது வேலைப் பிரிவினை மட்டுமில்லை, வேலை செய்கிறவர்களையே பிரித்து அடுக்குவது என்று அம்பேத்கர் 1936-லேயே தெளிவாக்கிவிட்டார். செருப்புத் தைப்போர் வாசல், துணி வெளுப்போர் வாசல் என்று எழுதி வையுங்கள். அடுத்த நாளே அவரவருக்கு அவரவர் வாசல் என்று பிரித்துவிடுவார்கள் நம்ம ஆளுங்க. எங்கள் வாசலுக்கு எந்தப் பெயரும் வேண்டாம். தெற்கு வாசல் போதும்.

*

இரண்டு எதிர்ப்பு வரும். ஒன்று, நகராட்சிக் கூட்டத்தில் காதில் விழுந்தது: தெற்கே வாசல் வைத்தால் சமூக விரோதிகள் வருவார்கள். வடக்கே கடைத்தெருவில் இரண்டு டாஸ்மாக் கடை இருக்கிறது. அங்கிருந்து நீரூற்று வழியாக யார் வருவார்களாம்? 'சமூக விரோதி' என்ற சொல்லுக்கு இந்த இடத்தில் திசை ஒன்றுதான் அர்த்தம்.

இன்னொன்று நம் தோழர்களிடமிருந்தே வரும். நிலம் இல்லை, கூலி இல்லை, வன்கொடுமை வழக்கு நிற்கவில்லை. பூங்கா வாசல் ஒரு பிரச்சினையா? மகாட் குளத்துத் தண்ணீர் இல்லாவிட்டால் நாம் செத்துவிடப் போவதில்லை என்பதை அம்பேத்கரும் அங்கே சொன்னார். மற்றவர்களைப் போல நாமும் மனிதர் என்று நிலைநாட்டத்தான் அந்த நடை. தவிர, எங்கள் தெருவில் ஒற்றை அறை வீடுகள். பத்தாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை டிவி சத்தத்துக்கு நடுவில் படிக்கிறது. வயசான பெரியவர்கள் சாக்கடை ஓரத் திண்ணையில் உட்கார்ந்திருக்கிறார்கள். சர்க்கரை வியாதிக்கு நடக்கச் சொன்ன டாக்டர், எங்கே நடப்பது என்று சொல்லவில்லை. பங்களாவில் தோட்டம் வைத்திருப்பவனுக்குப் பூங்கா அலங்காரம். எங்களுக்கு அது வீட்டில் இல்லாத இன்னொரு அறை.

ஆகவே மனு எழுதிக் கொடுத்திருக்கிறோம். அதில் உள்ளதை இங்கேயும் பதிவு செய்கிறேன். வேறு ஊர்த் தோழர்களுக்கும் பயன்படட்டும்.

தெற்கே ஒரு வாசல் வேண்டும். வடக்கு வாசல் எத்தனை அடியோ அத்தனை அடி. தெற்குச் சுவர் இடுப்பளவு. அதற்குமேல் வேண்டுமானால் கம்பி. வாசலில் படி வேண்டாம், சரிவு போதும். அலங்காரப் பனை வேண்டாம். புங்கன், வேம்பு, பூவரசு வையுங்கள், மூன்றாவது வருஷம் நிழல் தரும். நீரூற்றுக்கு வைத்திருக்கும் காசில் இரண்டு வாசலிலும் குடிதண்ணீர்க் குழாய் போடுங்கள். சுண்டல், பூ, கடலை விற்கும் பெண்களை விரட்டாமல் வாசல் முற்றத்திலேயே நிழலில் இடம் ஒதுக்குங்கள். ஆள் இருக்கும் வாசலில்தான் பெண்கள் பயமில்லாமல் நுழைவார்கள். கழிப்பறையும் மக்கும் குழியும் எந்தக் குடியிருப்பின் மூக்குக்கு நேராகவும் வேண்டாம். கிழக்கே வயல் பக்கம் இடம் இருக்கிறது. நுழைவுச் சீட்டு வேண்டாம். திறக்கும் நேரம், மூடும் நேரம் இரண்டையும் எழுதி மாட்டுங்கள். காவல்காரருக்கு நேரம் பார்க்கிற வேலை மட்டும் இருக்கட்டும், ஆளைப் பார்க்கிற வேலை வேண்டாம். தூய்மைப் பணியாளர்கள் துணி மாற்ற, உட்கார, சாப்பிட ஒரு அறை, வடக்குப் பெரிய வாசலை ஒட்டி. 'பணியாளர் வழி' என்ற இரும்புக் கதவு வரைபடத்திலிருந்தே நீக்கப்பட வேண்டும்.

மனுவோடு வரைபடத்தின் நகல் ஒன்றையும் இணைத்திருக்கிறோம். எங்கள் தெருவில் டிப்ளமோ சிவில் படித்த பெண் ஒருத்தி அதில் சிவப்புப் பேனாவால் தெற்குச் சுவரை அடித்துவிட்டு வாசலை வரைந்து, அகலத்தை எழுதிக் கொடுத்தாள். 20 அடி. அடுத்த கூட்டம் வரும் மாசம். பார்வையாளர் பகுதியில் உட்கார யாருக்கும் அனுமதி உண்டு. வாங்க.